குங்குமம் வைத்த சாணைக்கல்

ஆயுத பூஜை அன்று எங்கள் பட்டறையின் நடுவில் புது மெஷின் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. மேஜைமேல் தலைவாழை இலை, இலைமேல் மெஷின். உளிகளுக்குச் சாணை பிடிக்கிற கிரைண்டர் அது. நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் காது வைத்ததுபோல இரண்டு வட்டக் கல். பழைய மெஷினில் இருந்தது சாம்பல் நிறக் கல். இது புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை வெளேர்.

என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து இரண்டு கல்லுக்கும் பூசிக்கொண்டிருந்தார். பூசினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மெழுகினார். மிச்சப் பன்னீரை வீணாக்குவானேன் என்று அதையும் கல்மேலேயே தெளித்தார். பிறகு குங்குமம். ரம்பத்துக்கு ஒரு பொட்டு, இழைப்புளிக்கு ஒரு பொட்டு, புது மெஷினுக்கு மட்டும் அரை டப்பா.

பரளச்சியிலிருந்து ராமசாமி அண்ணாச்சி வந்திருந்தார். மிளகாய் விவசாயி. இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவர் கட்டுகிற புது வீட்டுக்கு நாங்கள்தான் வாசல் நிலை செய்துகொண்டிருந்தோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டும் மடிப்புக் கலையாத புதுசு. எதிர்வீட்டு பாக்கியம் மதினி சுண்டல் தூக்குவாளியோடு நின்றாள். அவள் அன்றைக்குப் பார்த்து சந்தனக் கலர்ச் சேலை கட்டியிருந்தாள்.

பூஜை அன்று உளியைத் தொடக் கூடாது. ஆனால் மோட்டார் உள்ள எதையும் ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். எங்கள் பட்டறைச் சட்டம் அப்படி. இவர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வைத்துவிட்டு சுவிட்சில் கை வைத்தார். திரும்பிப் பார்த்து, "எல்லாரும் கிட்ட வாங்கப்பா" என்றார்.

எல்லாரும் கிட்டப் போனோம்.

அந்த இடத்தில் இந்தக் கதையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். போன வாரம் இதே பத்தியில் என் மாமியாரோடு போட்ட ஊறுகாய்ச் சண்டையை எழுதியிருந்தேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. "என்னய மட்டும் எழுதுற, எம் மகன் என்ன ஒசத்தியா" என்றுதான் கேட்டார்கள். நியாயம்தானே. இந்த வாரம் மகன்.

கழுதை தேய்ந்த கதை

பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் எங்கள் மரப் பட்டறை. நிலை, கதவு, ஜன்னல் இவர் வேலை. அதில் பூ, கொடி, கிளி, மயில் கொத்துவது என் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் கோலம் போடுவதைப் பார்த்துவிட்டு, கதவுப் பலகையில் ஒரு கொடி வரைந்து தரச் சொன்னார். வரைந்து கொடுத்தேன். அதை அவர் கொத்தின லட்சணத்தைப் பார்த்ததும் உளியை நானே வாங்கிக்கொண்டேன்.

என் பிறந்த வீட்டில் அதற்கு முன்னால் யாரும் உளி பிடித்ததில்லை. அப்பா திருச்சுழிப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தவர். மரத்தை எரிப்பதுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த மர வேலை. அதில் எனக்குக் கிடைத்த சொத்து ஒரு மூக்கு. எது எங்கே கருகினாலும் மூன்று வீடு தள்ளி இருந்தே சொல்லிவிடுவேன். பாக்கியம் மதினி பால் காய்ச்சிவிட்டு டி.வி. பார்க்கப் போனால் முதலில் குரல் கொடுப்பது நான்தான்.

என்னிடம் ஒரு நகவுளி உண்டு. நுனி தட்டையாக இல்லாமல் நகம் மாதிரி வளைந்திருக்கும். லாரி வில்பட்டை இரும்பை அடித்துத் திருச்சுழியில் ஒரு கொல்லர் செய்து கொடுத்தது. என் கைக்கென்று செய்ததால் என் கைக்கு மட்டும்தான் பேசும். மயில் கழுத்தின் உள்வளைவு, கிளி மூக்கு, தாமரை இதழின் அடிப்பக்கம் எல்லாம் அதனால்தான் முடியும்.

ஆனால் சாணை பிடிப்பது இவருடைய இலாகா. அந்தப் பழைய கிரைண்டரை இவர் மதுரையில் பழைய சாமான் கடையில் வாங்கி, தோளில் தூக்கி வந்தவர். வேறு யாரையும் தொட விடமாட்டார். உளி மழுங்கினால் நான் கொண்டுபோய் நீட்ட வேண்டும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒன்று சொல்வார்:

"வச்சிட்டுப் போ, பாக்கலாம்."

பார்ப்பார். அவருக்கு மனசு வருகிறபோது பார்ப்பார். மெஷினைப் போட்டால் பட்டறை முழுக்கத் தீபாவளி. பொறி பறக்கும், ஊர் அதிரும். என் மூக்குக்குக் கருகல் வாடை வந்துவிடும். ஓடிப்போய்ப் பார்த்தால் உளி முனை மயில் கழுத்து நீலத்தில் இருக்கும். மயிலை நான் மரத்தில் கொத்தினால் இவர் உளியிலேயே கொத்தி வைத்திருப்பார்.

இரும்பு நீலம் பாய்ந்தால் அதன் உரம் போய்விட்டது என்று அர்த்தம். தேக்கில் நாலு கொத்து கொத்தினால் முனை மடங்கும். அந்த நீலம் போகிறவரை தேய்க்க வேண்டும். தேய்க்கிற வேகத்தில் மறுபடி நீலம் பாயும். மறுபடி தேய்க்க வேண்டும். இப்படியே தேய்ந்து தேய்ந்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த என் நகவுளி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கைப்பிடிக்கு வெளியே கட்டைவிரல் அளவுக்கு வந்து நின்றது.

இடது மயில், வலது மயில்

ராமசாமி அண்ணாச்சி நிலைக்கு மேல்சட்டத்தில் இரண்டு மயில் கேட்டிருந்தார். எதிரெதிராகப் பார்த்து நிற்க வேண்டும், நடுவில் கும்பம். அவர் வீட்டம்மாவின் ஆசை. ஐப்பசியில் நிலை வைக்க நாள் குறித்தாகிவிட்டது.

இடது மயில் முடிந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, அது திரும்பிப் பார்த்துவிடுமோ என்று இருந்தது. வலது மயிலுக்கு உடம்பு, தோகை எல்லாம் ஆயிற்று. கழுத்துக்கு வந்தபோது உளி மழுங்கிவிட்டது. கட்டைவிரல் அளவு இரும்பு. இன்னும் ஒரு தடவை கருகினால் அப்புறம் தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை.

கடையில் வாங்கின நகவுளி வேறு வளைவு. அதில் கொத்தினால் இடது மயில் அக்காளும் வலது மயில் தூரத்துச் சொந்தமுமாக இருக்கும். அந்தக் கொல்லரும் தொழிலை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அண்ணாச்சி வேறு ஒருநாள் வந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "முடியலன்னா சொல்லிரும்மா. காரியாபட்டியில கம்ப்யூட்டர் மிஷின்ல வெட்டித் தாராக. ரெண்டும் அச்சு அசலா இருக்குமாம்ல" என்றார். நல்ல மனுஷன், மனசில் வைத்துப் பேசவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் இவரிடம் தீர்த்துச் சொன்னேன். மெதுவாகச் சுற்றுகிற சாணை மெஷின் வாங்கினால் ஒழிய இந்த உளியை யார் கையிலும் கொடுக்க மாட்டேன், மயில் கழுத்தில்லாமல் நின்றால் நிற்கட்டும் என்றேன். மெதுவாகச் சுற்றுவதற்கு ஒரு மெஷினா என்று சிரித்தார். வேகமாகச் சுற்றத்தானே ஆள் மோட்டார் வாங்குகிறான், மெதுவாகச் சுற்ற வேண்டுமென்றால் நானே கையால் சுற்றுகிறேனே என்றார். அவசரத்தில் அண்டாவுக்குள் கூடக் கை போகாது என்றேன். அண்டாவுக்குள் எதற்குக் கையை விடுகிறாய் என்று கேட்டார். இந்த மனுஷனோடு எத்தனை வருஷம்!

பாதி சுற்றுக்குப் பாதி விலை

அருப்புக்கோட்டையில் மெஷின் கடைக்குப் போனோம். இவர் மெஷின் வாங்குகிற விதம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றையும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். கனமானது நல்லது, லேசானது தகரம். தர்பூசணி வாங்குகிற அதே முறை. கடைக்காரர் பொறுமைசாலி. தூக்குகிறவரைத் தூக்கவிட்டுவிட்டு, ஒரே மாதிரி இருந்த இரண்டு மெஷினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நிமிஷத்துக்கு மூவாயிரத்தை ஒட்டிச் சுற்றும், மற்றது அதில் பாதி.

"பாதிதானே சுத்துது? அப்ப விலையும் பாதிதானே?" என்றார் இவர்.

விலை பாதி இல்லை, கூட. அதைக் கேட்டதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடைக்காரர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மெதுவாக ஓடுவது சூட்டைக் குறைக்க ஒரு வழி. வெள்ளைக் கல் இன்னொரு வழி. அது இளக்கமான கல், மழுங்கின மணல் உதிர்ந்து புது மணல் வெளியே வந்துகொண்டே இருக்கும், அதனால் உரசிச் சூடேற்றாமல் சீவிவிடும். ஆனால் அழுத்திப் பிடித்தால் இதிலும் கருகும், மெஷின்மேல் பழி போடக் கூடாது என்றார்.

தண்ணீர்த் தொட்டியில் கல் பாதி முங்கியபடி சுற்றுகிற மெஷின் ஒன்றும் இருந்தது. அது கருகவே கருகாதாம். எனக்கு ஆசை வந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார். பாளையம்பட்டி என்றேன். போர்த் தண்ணியா என்றார். ஆமாம் என்றேன். பேசாமல் அதைத் துணி போட்டு மூடிவிட்டார். எங்கள் உப்புத் தண்ணீரில் துணி துவைத்தாலே அது விறைத்து நிற்கும். கல்லும் உளியும் என்ன பாடுபடும்?

நான் கையோடு ஒடிந்த பழைய உளி ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். அதை இரண்டு மெஷினிலும் பிடித்துக் காட்டச் சொன்னேன். மெதுவான கல்லில் பிடித்ததை இவர் உள்ளங்கையில் வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அடுத்து வேகமான கல்லில் பிடித்ததை வாங்கக் கையை நீட்டினார். கடைக்காரர் தரமாட்டேன் என்று இடுக்கியால் தூக்கித் தரையில் வைத்தார். முனை நீலம். இவர் குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, "சரி, அதையே போடுங்க" என்றார்.

அதிலும் இரண்டு ரகம் இருந்தது. ஒன்றில் உளியைத் தாங்குகிற முட்டுப் பலகை மெல்லிய தகடு, விரலால் தள்ளினாலே ஆடியது. இன்னொன்றில் கெட்டி இரும்பு. கடைக்காரர் அந்தக் கெட்டி மெஷினை ஓடவிட்டு, தன்னுடைய டீ கிளாஸை அதன் தலையில் வைத்தார். டீ அசையவில்லை. மேலே ஏடு கட்டியிருந்தது, அது கூட ஆடவில்லை. எனக்கு வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

பஸ்ஸில் இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தரையில் வைக்கச் சொன்னதற்கு, அதிரும் என்றார். மெதுவாகச் சுற்றுவதற்கு ஒரு மெஷினா என்று கேட்ட அதே வாய்தான்.

கிட்ட வாங்கப்பா

சரி, நிறுத்தி வைத்த இடத்துக்கு வருவோம். சுவிட்சில் கை. சுற்றி நாங்கள்.

அந்த வெள்ளைக் கல்லுக்கு உடம்பெல்லாம் பொடி ஓட்டை. பங்குனிக் கரிசல் முதல் மழையைக் குடிக்கிற மாதிரி அது சந்தனத் தண்ணீரையும் பன்னீரையும் குடித்து, குடித்ததெல்லாம் கீழ்ப்பக்கம் இறங்கி, கல் ஒரு பக்கமாகக் கனத்து நின்றிருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. போதாததற்கு மெஷினை மேஜையோடு போல்ட் போட்டு முறுக்கவில்லை. வாழை இலைமேல் வைத்திருந்தது.

சுவிட்சைப் போட்டார்.

முதலில் குங்குமம் வந்தது. அப்புறம் சந்தனம். இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வந்தது. அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டையில் தோள் முதல் வயிறு வரை ஒரு சிவப்புக் கோடு. பாக்கியம் மதினியின் சுண்டல் மங்களகரமாகிவிட்டது. மெஷின் சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பித்து, இலையில் வழுக்கிக்கொண்டு மேஜை ஓரத்துக்கு நடந்தது. இவர் அதைக் கட்டிப் பிடிக்கப் போனார். நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன்.

கல் சுற்றி ஓய்ந்தது. அண்ணாச்சி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"ஏலே பாண்டி, நிலைக்குப் பொட்டு வைக்கன்னு கூப்பிட்டு எனக்கு வச்சிட்ட."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூலையில் சாக்கைப் போர்த்தி நின்ற மேல்சட்டத்தில் கழுத்தில்லாத மயில் இருந்தது. நான் அடம்பிடித்து வாங்கின மெஷின் இப்படி ஆடினால் உளியை எங்கே கொண்டு பிடிப்பது? இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சுற்றும்போதே இந்த ஆட்டம், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். பொட்டு வைத்த மெஷினை எந்தக் கடைக்காரன் திரும்ப எடுப்பான்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதை வாய்விட்டும் சொன்னேன்.

வடகத்துக்குப் பக்கத்தில்

கடைக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். "பன்னீருமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு வழி சொன்னார். கழுவக் கூடாது. கல்லைக் கழற்றி நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்ததும் கட்டையால் தட்டினால் மணிச் சத்தம் வர வேண்டும், மொத்தென்று கேட்டால் விரிசல், தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஓடவிடும்போது எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

இடது பக்கத்து நட்டுக்குத் தலைகீழ் மரை, எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்றும் சொன்னார். அதை நான் சொல்வதற்குள் இவர் ஸ்பானரைப் போட்டு, கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்கி முடித்திருந்தார்.

எப்படியோ கழற்றி, மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் கல்லைக் காயப்போட்டேன். பக்கத்தில் என் கூழ் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. பாக்கியம் மதினி அவள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, அப்பளத்தை இம்புட்டு மொத்தமாப் போட்டா எப்பக் காயும் என்று கேட்டாள். எங்கள் ஊருக்கு மழைதான் தட்டுப்பாடு, வெயில் இல்லை. ஆனாலும் அவசரப்படாமல், வடகம் கலகலவென்று ஆனபிறகும் கல்லை விட்டு வைத்திருந்தேன்.

எடுத்து, உளிப்பிடியால் தட்டினேன். ணங் என்றது. இன்னொன்றையும் தட்டினேன். அதுவும் ணங். எனக்குப் போன உயிர் வந்தது.

மெஷினை மேஜையோடு போல்ட் போட்டு முறுக்கினோம். இவர் மறுபடி குங்குமத்தை எடுத்தார். நான் பார்த்த பார்வையில் அதை என் நெற்றியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஓடவிட்டுப் பக்கவாட்டில் நின்றோம். லேசான நடுக்கம். கல் முகத்தைச் சீவுகிற கருவி ஒன்று கடைக்காரர் கொடுத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சுற்றுகிற கல்லில் மெதுவாகக் கொடுத்தேன். சந்தனப் பொருக்கு உதிர்ந்து, உள்ளே இருந்து வெள்ளை வந்தது. நடுக்கம் நின்றது. இவர் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பிடுங்கி மெஷின் தலையில் வைத்தேன். அசையவில்லை.

அண்ணாச்சியும் வந்திருந்தார், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு. வாசலுக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று தெருவிலேயே நின்றார்.

இவர் வழக்கம்போல உளிக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இது என் உளி. நானே பிடிக்கேன்" என்றேன்.

நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கொண்டு தலையைச் சொறிந்துகொண்டார். ஒரு கிண்ணத்தில் கேன் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். உளிக்குக் கேன் தண்ணியா என்று கேட்க வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

கட்டைவிரல் அளவு இரும்பு. முட்டுப் பலகையில் சாய்த்து வைத்து, குழந்தைக்கு மை இடுகிற மாதிரி கல்லில் தொட்டேன். அழுத்தவில்லை. தொட்டு, உருட்டி, எடுத்து, தண்ணீரில் முக்கி, மறுபடி தொட்டேன். பொறி பறக்கவில்லை. சரசரவென்று ஒரு சத்தம் மட்டும். மூக்கைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். கருகல் வாடை வரவே இல்லை. முனையைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நீலம் இல்லை, நீலத்துக்கு முன்னால் பாய்கிற மஞ்சள்கூட இல்லை. வெள்ளை இரும்பு வெள்ளையாகவே இருந்தது. எண்ணெய்க் கல்லில் இழுத்து, தோல்வாரில் நாலு தீட்டுத் தீட்டி, முன்கையில் வைத்துப் பார்த்தேன். முடி விழுந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் வலது மயிலுக்குக் கழுத்து வந்துவிட்டது. தேக்கு வெண்ணெய் மாதிரி கொடுத்தது. அண்ணாச்சி உள்ளே வந்து, தலையைச் சாய்க்காமல், நேராக நின்று பார்த்தார். காரியாபட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனில் படம் எடுத்து வீட்டம்மாவுக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்மா என்று கிளம்பினார். நான் சாணைமேல் துணி போடப் போனேன்.

பின்னால் செருமல் சத்தம் கேட்டது. இவர் நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய அகல உளி, முனையில் பழைய நீலம். அதை என்னிடம் நீட்டினார். நான் அவசரப்படவில்லை. துணியை மடித்தேன், கிண்ணத்தை நகர்த்தினேன், கையைத் துடைத்தேன். அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்:

"வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்."

உளியை வைத்தார். ஆனால் போகவில்லை. ஒரு பலகையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.